நவம்பர் 9: விதி முடிச்சிட்ட நாள் அல்ல

நாளிதழ்களில் வரும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியைப் பள்ளிப் பருவத்திலிருந்தே விடாமல் படித்து வருகிறேன். ஒரே தேதியில் எங்கோ ஒரு கப்பல் மூழ்கியிருக்கும், வேறெங்கோ ஒரு நாடு விடுதலை பெற்றிருக்கும். அவற்றுக்கிடையே தேதியைத் தவிர வேறு உறவு இருக்காது. ஜெர்மனியின் நவம்பர் 9 அப்படிப்பட்டதன்று. அந்நாட்டினர் பலர் அதை ‘விதியின் நாள்’ என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனெனில் அந்தத் தேதியின் நிகழ்வுகளில் மூன்றை முடிச்சிட்டவர்கள் மனிதர்களே.

முதல் உலகப் போரில் தோல்வி உறுதியாகி, கீல் துறைமுகத்தில் மாலுமிகள் தொடங்கிய கிளர்ச்சி பெர்லின் வரை பரவிவிட்ட நிலையில், 1918 நவம்பர் 9 அன்று நண்பகலில், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடிதுறந்துவிட்டதாக அவருடைய ஒப்புதல் இல்லாமலேயே அறிவிக்கப்பட்டது. பிற்பகலில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்களில் ஒருவரான பிலிப் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்தில் நின்று குடியரசைப் பிரகடனம் செய்தார். இரண்டு நாள் கழித்துப் போர் நிறுத்தம் கையெழுத்தாயிற்று. களத்தில் தோற்காத படையை உள்நாட்டினரே முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்யைப் பரப்பியவர்கள், குடியரசை அமைத்தவர்களுக்கு ‘நவம்பர்க் குற்றவாளிகள்’ என்று பெயர் சூட்டினார்கள்.

அந்த வெறுப்பை மூலதனமாக வைத்துத்தான் 1923இல் ஹிட்லர் மியூனிக்கின் பியர் மண்டபம் ஒன்றில் ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடங்கினார். மறுநாள், நவம்பர் 9 அன்று, ஊர்வலமாக வந்தவர்களைக் காவலர்கள் தடுத்துச் சுட்டார்கள். நான்கு காவலர்கள் உட்பட இருபது பேர் இறந்தனர், முயற்சி தோற்றது. ஆனால் 1933இல் ஆட்சியைப் பிடித்ததும் நாஜிகள் அந்தத் தோல்வியையே திருவிழாவாக்கி, இறந்த தம் ஆட்களைத் தியாகிகளாக்கி, ஆண்டுதோறும் அதே வழியில் அணிவகுத்தார்கள்.

1938இன் கொடுமையை இந்தத் திருவிழாவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பெற்றோர் போலந்து எல்லைக்குத் துரத்தப்பட்டதை அறிந்த ஹெர்ஷல் கிரின்ஸ்பான் என்ற பதினேழு வயது யூத இளைஞன், நவம்பர் 7 அன்று பாரிஸில் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரைச் சுட்டான். 9ஆம் தேதி அவர் இறந்தார். அந்தச் செய்தி எட்டியபோது, 1923இன் நினைவு விருந்துக்காக நாடெங்கிலுமிருந்து வந்த கட்சித் தலைவர்கள் மியூனிக்கின் பழைய நகர மண்டபத்தில் ஒன்றாக அமர்ந்திருந்தார்கள். கோயபல்ஸ் எழுந்து பேசினார். பேச்சு முடிந்ததும் அவர்கள் தத்தம் ஊர்களுக்குத் தொலைபேசியில் உத்தரவிடப் போனார்கள். அன்றிரவும் மறுநாளும் 1,400க்கும் மேற்பட்ட யூதத் தொழுகையிடங்கள் அழிக்கப்பட்டன. தீயணைப்புப் படையினர் வந்து நின்றும், பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் மட்டுமே பார்த்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் டாகாவ், புகன்வால்ட், சாக்சன்ஹவுசன் வதைமுகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நடந்த நாசத்துக்கு யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் தண்டமும் விதிக்கப்பட்டது.

பெர்லின் சுவர் 1989இல் அதே தேதியில் திறந்ததுதான் உண்மையான தற்செயல். கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதிகளை மறுநாள்தான் நடைமுறைப்படுத்துவதாக இருந்தார்கள். செய்தியாளர்களிடம் பேசிய ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கிக்கு அது தெரிந்திருக்கவில்லை. எப்போது முதல் என்று கேட்டார்கள். கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். சில மணி நேரத்தில் போர்ன்ஹோல்மர் தெருக் கடவையில் கூட்டம் நெருக்கியது. மேலிடத்திலிருந்து தெளிவான ஆணை கிடைக்காத நிலையில், இரவு பதினொன்றரை மணியளவில் காவல் அதிகாரி ஹரால்ட் யேகர் தடுப்பைத் திறக்கச் சொன்னார். தாளில் உள்ளபடி நடந்திருந்தால், அந்த மகிழ்ச்சி நவம்பர் 10க்கு உரியதாகியிருக்கும்.

சுவர் திறந்த நாளையே தேசிய நாளாக்கலாம் என்ற எண்ணம் எழாமலில்லை. ஆயினும் 1938 நடந்த தேதியில் கொண்டாட்டம் தகாது என்பதால், இரு ஜெர்மனிகளும் 1990இல் இணைந்த அக்டோபர் 3 தேர்ந்தெடுக்கப்பட்டது. அது சரியான முடிவு என்றே உறுதியாக நம்புகிறேன்.

ஒரு நவம்பர் 9 மாலையில் பெர்லினின் குடியிருப்புத் தெரு ஒன்றில் நடந்துகொண்டிருந்தேன். நடைபாதையில் மண்டியிட்டு ஒரு மூதாட்டியும் ஒரு சிறுவனும் துணியால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுக்காகத் தரையில் பதித்த, ஒரு சாண்கூட இல்லாத பித்தளைக் கற்கள் அவை. கறுத்த பரப்பு தேயத் தேய எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துலங்கின: ‘இங்கே வாழ்ந்தவர்’, அதன்கீழே ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, ஆஷ்விட்ஸ். சிறுவன் அடுத்த கல்லுக்கு நகர்ந்தான்; மூதாட்டி காற்றுக்குக் கை மறைத்து மெழுகுவர்த்தியை ஏற்றினார்.