37 மில்லிமீட்டருக்கு ஒரு நொண்டல்

ஒருவழியாக என் ஜிபி9, அதாவது அமெரிக்க டீசல் எஞ்சின் ஒன்றின் குட்டி மாடல், நொண்டாமல் ஓடுகிறது. வேலை முழுசாக முடியவில்லை, முன் போகி (எஞ்சினுக்கு அடியில் இரண்டு ஆக்சிலைத் தாங்கும் சட்டம்) மட்டும்தான் ஆயிற்று. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய எச்ஓ மாடல் (நிஜ அளவில் 87-இல் ஒரு பங்கு), சாதா டிசி மின்சாரத்தில் ஓடுவது. வேகமாக விட்டால் ஒன்றும் தெரியாது, ஷண்டிங் வேகத்துக்குக் குறைத்தால் டக், டக் என்று இடறும், கூடவே லேசான தலையாட்டல்.

யாரிடம் கேட்டாலும் முதல் பதில் "தண்டவாளத்தைத் துடை". துடைக்கலாம், சென்னைக் காற்றுக்குத் துடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அழுக்கு இப்படித் தாளம் தப்பாமல் வராதே! அழுக்கு என்றால் வண்டி இடறும்போது ஹெட்லைட்டும் சிமிட்டும். இங்கே லைட் சீராக எரிகிறது, வண்டி மட்டும் இடறுகிறது. அதனால் ஆல்கஹால் பாட்டிலை மூடி வைத்துவிட்டு ஸ்கேலை எடுத்தேன்.

கழற்றுவதற்கு முன்னால் இடறலை அளந்துவிடுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். தண்டவாளத்தை ஒட்டி ஸ்டீல் ஸ்கேல், எதிரே ஃபோனில் ஸ்லோமோஷன், அவ்வளவுதான். எனக்கு ஓர் இடறலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 37 மி.மீ. வந்தது. நிஜ ஜிபி9 சக்கரத்தின் விட்டம் 40 அங்குலம், 1016 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 11.7, அதன் சுற்றளவு 36.7. ஆக, சக்கரம் ஒரு சுற்று வந்தால் ஓர் இடறல். கோளாறு மோட்டாரிலோ, அது சுற்றும் வார்ம் என்ற திருகு கியரிலோ இருந்தால் இடறல் இதைவிடப் பல மடங்கு நெருக்கமாக விழும், காதுக்கு உறுமல் மாதிரிதான் கேட்கும். எப்போதும் ஒரே இடத்தில் இடறினால் வண்டியை விட்டுவிட்டு அங்கே உள்ள ஜாயின்ட்டைப் பாருங்கள். டிகோடர் (டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சில்லு) போட்டவர்கள் முதலில் அதில் வேகத்தைச் சீராக வைக்கும் பேக்-இஎம்எஃப் வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது மோட்டாருக்குக் கூடுதலாகத் தள்ளி நொண்டலைப் பூசி மெழுகிவிடும்.

சரி, ஆக்சில் என்று தெரிந்தது, நான்கில் எது? சக்கரத்தில் வைட்னர் பொட்டு வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, நான்கும் ஒரே மோட்டாரில் சேர்ந்தே சுற்றுகின்றன. போகியின் அடிமூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஆக்சிலாக வெளியே எடுத்துவிட்டு மற்ற மூன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன் போகியில் ஒன்றை எடுத்ததும் இடறல் குறைந்தது, ஆனால் போகவில்லை. அதையும் வெளியே வைத்து இரண்டாவதையும் எடுத்ததும் வண்டி எண்ணெய் மாதிரி ஓடியது. வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் செருகும் லென்ஸை வைத்துப் பார்த்தால் இரண்டு கியரிலும் மயிரிழைப் பிளவு, இரண்டு பல்லுக்கு நடுவே, பிளாஸ்டிக் மெலிந்த அந்தப் பள்ளத்தில்.

இந்த வகை ஆக்சில் ஒரே கம்பி இல்லை. இரு பக்கச் சக்கரத்திலிருந்தும் வரும் அரைக்கம்பிகள் நடுவே உள்ள பிளாஸ்டிக் கியரில் இறுக்கிச் செருகப்பட்டிருக்கும். வருஷக்கணக்கில் அந்த இறுக்கம் தாங்காமல் கியர் பிளக்கிறது, பிளந்த இடத்தில் பல் இடைவெளி அகலமாகிறது, பக்கத்துக் கியரின் பல் அங்கே சரியாக உட்காராமல் ஏறி இறங்குகிறது. சூப்பர் க்ளூ விடு என்பவர்கள் விட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. அந்த வழவழப்பு பிளாஸ்டிக்கைப் பசை பிடிக்காது, பிடித்தாலும் உள்ளே இருக்கும் கம்பி பிளவைத் திறந்தேதான் வைத்திருக்கும். கியரை மாற்றுவதுதான் ஒரே வழி.

மாற்றுவதில்தான் உயிர் போகிறது. புதுக் கியரும் பிளக்கக் கூடாது என்றால் அரைக்கம்பியை ட்ரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு, நுனியை 600 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தொட வேண்டும். தொட வேண்டும், தேய்க்கக் கூடாது, அதிகம் போனால் கம்பி கியருக்குள்ளேயே வழுக்கும். அப்புறம் கையால் திருகியபடி தொடங்கி, கடைசி ஒரு மில்லிமீட்டரை மட்டும் சின்ன வைஸில் மெல்ல அழுத்த வேண்டும். சுத்தியல் பக்கமே போகாதீர்கள். இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே 14.4 மி.மீ. வர வேண்டும், அதோடு கியர் சரியாக நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் தள்ளியிருந்தால் கூட்டில் உரசி வேறொரு சத்தம் ஆரம்பிக்கும். காலிப்பரால் இரு பக்கமும் அளந்து, கண்ணாடித் துண்டின் மேல் உருட்டி, ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் பிரித்து மறுபடி. முதல் ஆக்சிலுக்கே ஒரு சாயங்காலம் போய்விட்டது, பரவாயில்லை, இரண்டாவது படிந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் நானே என் முதுகைத் தட்டிக்கொள்ளலாம்.

கியர்களின் விலை ஒன்றும் இல்லை, அமெரிக்காவிலிருந்து அவை வரும் தபால் செலவுதான் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதனால் அடுத்த முறை நண்பர்களோடு சேர்ந்து மொத்தமாக ஆர்டர் போடுவதாக உத்தேசம். வைஸ் பாரிமுனையில் வாங்கியது, அதன் தாடைக்கு அலுமினியத் தகடு மடித்து மாட்டியிருக்கிறேன்.

பின் போகி இன்னும் பழைய கியரில்தான் இருக்கிறது. பிளவு தெரியவில்லை, ஆனால் அதே வயசு கியர்கள், அதிக நாள் தாங்காது. அதை முடிக்காமலேயே மனசு டபிள்யூடிஎம்-2 என்ற நம்மூர் டீசல் எஞ்சின் பக்கம் போய்விட்டது: பொன்மலை ஷெட் வண்டி, 3டி பிரிண்ட் பாடி, ஆல்கோ (அமெரிக்க எஞ்சின் கம்பெனி) மாடல் ஒன்றின் ஆறு ஆக்சில் அடிச்சட்டம் கிடைத்தால் போதும். நம் அகலப்பாதை 1676 மி.மீ., 87-ஆல் வகுத்தால் 19.3, என் தண்டவாளமோ 16.5. பாடியின் அகலத்தைக் கொஞ்சம் இழைத்துவிடலாமா, இல்லை அளவு சுத்தமாகச் செய்துவிட்டு சக்கரம் உள்ளே தள்ளி நிற்பதைக் கண்டுகொள்ளாமல் விடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.