கல்கரியிலிருந்து பான்ஃப்: சமைத்த சாப்பாட்டோடு மலைக்குப் போகிறவர்களுக்கு

கல்கரியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கு முதல் கோடை வந்தவுடன் யாராவது ஒருவர் "பான்ஃப் பக்கம் போவமே" என்று கேட்பார். ட்ரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் மேற்கே 130 கிலோமீற்றர், ஒன்றரை மணி நேர ஓட்டம். 1885இல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஒதுக்கிய சிறு நிலத்தில் தொடங்கி, இன்று 6,641 சதுர கிலோமீற்றராக விரிந்து கிடக்கும் கனடாவின் முதல் தேசியப் பூங்கா அது. ஊரில் கசூரினா கடற்கரைக்குப் போனதுபோல விடிய எழும்பிச் சமைத்து, பாய், தலையணை, பானை சட்டியோடு மூன்று வான் வண்டிகளில் வெளிக்கிடுவது நம் ஆட்களின் வழக்கம். நல்ல வழக்கம், அதை விடவேண்டியதில்லை. ஆனால் இங்கே கரடியும் ஓநாயும் எல்க் மானும் வேலியில்லாமல் திரியும் நிலத்தில் கறி மணக்கும் சாப்பாட்டோடு இறங்குகிறோம். அதனால் ஆயத்தத்தின் பெரும்பகுதி முதல்நாளே வீட்டில் முடிந்திருக்க வேண்டும்.

முதலில் நுழைவு அனுமதி. எங்கும் நிற்காமல் நெடுஞ்சாலையால் கடந்துபோகிற வாகனத்துக்கு அது தேவையில்லை. இறங்கி நின்றால் தேவை. 2024இல் ஒரு வாகனத்தில் வரும் குடும்பம் அல்லது குழுவுக்கு, ஏழு பேர்வரை, நாளொன்றுக்கு 22 டொலர். வருட அனுமதியான டிஸ்கவரி பாஸ் 151 டொலர் 25 சதம். 17 வயதுவரை உள்ளவர்களுக்கு இலவசம். ஆக, வருடத்தில் ஏழு நாள் போகிறவர்களுக்கு வருட அனுமதிதான் லாபம்; ஜாஸ்பர், யோஹோ, கூட்டினே என்ற பக்கத்துத் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் அதுவே செல்லும். அடுத்த வருடம் அதே மாதத்தின் கடைசி நாள்வரை அது ஓடும் என்பதால் மாதத் தொடக்கத்தில் வாங்குவது புத்தி. 2025 கோடையில் அரசாங்கம் நுழைவுக் கட்டணத்தையே தள்ளுபடி செய்திருந்தது, ஆகவே வெளிக்கிடுமுன் அந்த வருட நிலவரத்தை, பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் தளத்தில் பாருங்கள். புதிதாகக் குடியுரிமை எடுத்தவர்கள் 'கனூ' செயலியில் பதிந்தால் முதல் ஒரு வருடம் கட்டணமே இல்லை. சத்தியப்பிரமாணம் எடுத்த பரபரப்பில் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது மொரெய்ன் லேக். இங்கேதான் அதிக ஏமாற்றம். பத்துச் சிகரங்களுக்குக் கீழே கிடக்கும் அந்த நீலத் தண்ணீரைப் போனில் பார்த்துவிட்டு நேரே காரில் போகலாம் என்று நினைத்து வருகிறார்கள். 2023இலிருந்து மொரெய்ன் லேக் வீதியில் தனியார் வாகனம் போகமுடியாது. தடுப்புப் போட்டு மறித்திருப்பார்கள், கெஞ்சிப் பயனில்லை. போகச் சுலபமான வழி பார்க்ஸ் கனடா ஷட்டில் பஸ். லேக் லூயிஸ் பனிச்சறுக்கு மையத்தின் பெரிய தரிப்பிடத்தில் காரை விட்டுவிட்டு ஏற வேண்டும். 2024இல் பெரியவருக்கு 8 டொலர். இருக்கைகளில் ஒரு பகுதியை வசந்தத்தில் ஒரே நாளில் திறந்துவிடுவார்கள், அது சில மணி நேரத்தில் போய்விடும். மீதியைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறப்பார்கள். அது மலை நேரம். ரொறன்ரோவில் இருந்து பதிகிறவர்களுக்கு காலை 10 மணி. பார்க்ஸ் கனடா கணக்கை முதலே திறந்து, கடன் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 7.50க்கே தளத்தில் காத்திருக்க வேண்டும். எட்டு ஐந்துக்கு வந்து பார்த்தால் சனி ஞாயிறு காலை நேரங்கள் முடிந்திருக்கும். இருபது பேர் ஒன்றாகப் போகிறீர்களென்றால் ஒருவரே எல்லாருக்கும் எடுக்கப் பார்க்காமல் குடும்பத்துக்கு ஒருவர் என்று பிரித்துப் பதியுங்கள். வெவ்வேறு பஸ்ஸில் ஏறினாலும் வாவிக்கரையில் சந்திக்கலாம்.

மொரெய்னுக்கு எடுக்கும் ரிக்கற்றிலேயே லேக் லூயிஸுக்கும் போய்வரலாம். இரண்டு வாவிக்கும் இடையில் ஒரு இணைப்பு பஸ் ஓடுகிறது. வரிசையில் நின்று ஏற வேண்டியதுதான். திரும்பும் பஸ்ஸுக்கும் நேரப்பதிவு கிடையாது. பின்னேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் வரிசை நீளும், ஆகவே கடைசி பஸ்ஸை நம்பிக் குழந்தைகளோடு நிற்காதீர்கள். காலையில் வெறுங்கையோடு விடப்பட்டவர்கள் லேக் லூயிஸ் கரைத் தரிப்பிடத்தை நோக்கி ஓடுவார்கள். அங்கே கட்டணம் அதிகம், கோடையில் சூரியன் எழும்ப முன்பே நிரம்பியும் விடும். அப்படியான நாளில் மல்லுக்கட்டாமல் பான்ஃப் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள மினவாங்கா, டூ ஜாக் வாவிகள், கஸ்கேட் பொண்ட்ஸ் குளங்கள் பக்கம் திரும்பிவிடுவதே மேல். பெரிய கூட்டமாகச் சேர்ந்து இருந்து சாப்பிட கஸ்கேட் பொண்ட்ஸ்தான் நல்லது: மேசைகள் உண்டு, பிள்ளைகள் கால் நனைக்க ஆழமில்லாத தண்ணீர் உண்டு.

சாரதி அனுமதிப்பத்திரம் இன்னும் எடுக்காதவர்களும் போகலாம். கோடையில் கல்கரியிலிருந்து 'ஒன்-இற்' பஸ் ஓடுகிறது. பான்ஃபுக்குள் 'ரோம்' பஸ் மினவாங்கா, சல்ஃபர் மலை கொண்டோலா (கம்பியில் தொங்கி மலையேறும் வண்டி), லேக் லூயிஸ் எல்லாவற்றுக்கும் போகிறது. காரில் போய்த் தரிப்பிடம் தேடுவதைவிடச் சில நாட்களில் இதுவே நிம்மதி.

இனிச் சாப்பாடு. பான்ஃப் நகரம் 1,383 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். குத்தரிசியைத் திறந்த பானையில் போட்டால் காஸ் தீர்ந்தாலும் நடுவில் அரிசி நிற்கும். பருப்பும் கடலையும் அப்படியே. அங்கே சமைத்தே ஆகவேண்டுமென்றால் பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் வீட்டில் முடியுங்கள். புளிச்சோறு, புட்டு, ரொட்டி, கட்டிச் சம்பல், பிரட்டல் கறி எல்லாம் தாங்கும். தேங்காய்ப்பால் விட்ட சொதி மத்தியான வெயிலில் காருக்குள் கெட்டுவிடும். ஐஸ் போட்ட கூலரில் மட்டும் வையுங்கள். கருவாட்டையும் இறால் பொரியலையும் இந்தப் பயணத்துக்கு விட்டுவிடுவது நல்லது. அந்த மணம் துணியிலும் கூடாரச் சீலையிலும் ஏறினால் கழுவும்வரை போகாது.

இரவு தங்கும் முகாம்களில் 'வெறும் முகாம்' என்ற ஒழுங்கு கண்டிப்பாக இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்று பாவிக்காத நேரத்தில், அரைமணி நடக்கப் போனாலும், நித்திரைக்குப் போனாலும், சாப்பாட்டோடும் மணத்தோடும் தொடர்புள்ள ஒன்றும் வெளியில் இருக்கக்கூடாது. வெறும் கூலரும் கழுவிய சட்டியும் காஸ் அடுப்பும்கூட அதில் அடக்கம். எல்லாம் காருக்குள் அல்லது முகாமிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் போகவேண்டும். நம் வீடுகளில் இதோடு இன்னும் சில சாமான் உண்டு: தேங்காய் எண்ணெய்ப் போத்தல், சந்தனச் சவர்க்காரம், ஊதுபத்தி, பிள்ளையின் பால்மாப் பேணி, பாட்டியின் கைப்பைக்குள் கிடக்கும் கற்கண்டு. கூடாரத்துக்குள் இவை எதையும் வைத்துப் படுக்கக்கூடாது. சமைத்த உடுப்போடு படுக்கவும் கூடாது. மாற்றிவிட்டு அதைக் காருக்குள் வையுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பற்றைக்குள் ஊற்றுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. ஒரு வடியில் வடிகட்டி, அதில் தங்கும் சோற்றுப் பருக்கையையும் கறிவேப்பிலையையும் குப்பைப் பைக்குள் போட்டு, தண்ணீரைக் கழிவுநீருக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஊற்றுங்கள். குப்பைத்தொட்டியும் புதியவர்களுக்குக் குழப்பம்: பிடிக்கும் இடம் மூடிக்குள் ஒளிந்திருக்கும். உள்ளங்கை மேலே பார்க்க விரல்களை உள்ளே விட்டு, தாழ்ப்பாளை அழுத்திக்கொண்டு தூக்க வேண்டும். திறக்கத் தெரியாமல் பையைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறவர்கள் அன்றிரவு அந்த இடத்துக்குக் கரடியை அழைக்கிறார்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி பிடித்த கரடி திரும்பத் திரும்ப வரும். துரத்தியும் கேட்காவிட்டால் கடைசியில் அதைக் கொல்ல வேண்டிவரும். பான்ஃபில் கிரிஸ்லி கரடிகள் ஏறத்தாழ 65தான். பெண் கிரிஸ்லி முதல் குட்டி போடவே ஆறு வயதாவது ஆகவேண்டும். ஒரு குடும்பத்தின் கவனக்குறைவுக்கு அந்தக் கூட்டம் கொடுக்கும் விலை மிகப் பெரியது. மிருகங்களுக்குத் தீனி போட்டால் 25,000 டொலர்வரை அபராதம் என்று சட்டம் இருப்பது இதனால்தான். அணிலுக்குக் கடலை போடுவதும் இதில் சேர்த்தி.

கரடி ஸ்பிரேயை எல்லாப் பாதைகளுக்கும் கொண்டுபோகவேண்டும். உடம்பில் பூசுகிற நுளம்பு மருந்து அல்ல அது. கூடாரத்தில் அடித்துவைப்பதாலும் பயனில்லை. மிளகாய்ச் சாரத்தை முகில்போலப் பீய்ச்சும் போத்தல். முதுகுப் பைக்குள் புதைத்துவைத்தால் தேவைப்படும் இரண்டு வினாடியில் கைக்கு வராது; இடுப்புப் பட்டியிலோ நெஞ்சுப் பட்டியிலோ தொங்கவிடுங்கள். கரடி நெருங்கிவந்தால் பாதுகாப்பு ஊசியைக் கழற்றி, நாலைந்து மீற்றருக்குள் வரும்போது அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே பார்த்து அடிக்க வேண்டும். எதிர்க்காற்றில் அடித்தால் பாதி உங்கள் கண்ணுக்கே திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலாவதித் திகதி போத்தலில் இருக்கும். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் வெடிக்கவும் கூடும். விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள் கன்மோரிலோ பான்ஃபிலோ வாடகைக்கு எடுக்கலாம்.

ஸ்பிரேயைவிடப் பெரிய காவல் சத்தம். கரடி திடுக்கிடும்போதுதான் ஆபத்து. ஆட்கள் வருவது முன்கூட்டியே கேட்டால் அது விலகிவிடும். பையில் தொங்கும் சின்ன மணி போதாது. வளைவுகளிலும் ஓடைக்குப் பக்கத்திலும் பலத்துக் கதைத்து, கை தட்டி நடங்கள். பிள்ளைகளை முன்னால் ஓட விடாமல் நடுவில் விடுங்கள். எதிரே கண்டால் ஓடக்கூடாது. மெதுவாகப் பேசிக்கொண்டு பின்வாங்குங்கள். கரடி, ஓநாய்க்கு 100 மீற்றர், எல்க், செம்மறி போன்றவற்றுக்கு 30 மீற்றர் தூரம் விடவேண்டும். புல்வெளியில் அமைதியாக மேயும் எல்க் மானைப் பார்த்துப் பயமில்லாமல் போட்டோ எடுக்கப் போவார்கள். மே, ஜூனில் கன்று காக்கும் தாயும் செப்ரெம்பரில் இணைதேடும் கிடாயும் சட்டென்று பாயும்.

இரவுக் குளிரையும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஜூலையிலும் 5 பாகைக்கு இறங்கும்; பனி எந்த மாதத்திலும் விழலாம். மேலே எத்தனை போர்வை போட்டாலும் நிலம் கீழிருந்து சூட்டை உறிஞ்சும். காற்றடிக்கும் மெத்தைக்குள் இருக்கும் காற்றும் குளிர்ந்துவிடும், ஆகவே அதன்மேல் நுரைப்பாயோ தடித்த கம்பளியோ விரியுங்கள். கொட்டன் ஜீன்ஸ் நனைந்தால் காயாது. கம்பளி அல்லது பொலியெஸ்டர், அதற்குமேல் மழை ஜக்கெற். முகாமின் ஓர் இடத்தில் பொதுவாக ஆறு பேருக்கு மேல் தங்க முடியாது. விழுந்து கிடக்கும் சுள்ளியும் பொறுக்கக்கூடாது. நெருப்புக்கு அனுமதி எடுத்து அங்கே தரும் விறகையே எரிக்கவேண்டும், வெளியிலிருந்து கொண்டுபோனால் மரப்பூச்சி கூடவே வரும். கூடாரம் வேண்டாம் என்கிறவர்களுக்கு டூ ஜாக் கரையில் பலகைத் தளமும் கட்டிலும் உள்ள 'ஓடென்ரிக்' குடில்கள் உண்டு. அவற்றின் பதிவு வருடத் தொடக்கத்திலேயே ஓடி முடிந்துவிடும்.

சுப்பர் விசாவில் வந்த அம்மா அப்பாவையும் கூட்டிப்போனால் லேக் லூயிஸ் கரைப்பாதைதான் நல்லது: ஒரு பக்கம் 2 கிலோமீற்றர், மட்டமானது, சக்கர நாற்காலியும் பிள்ளை வண்டியும் போகும். கொண்டோலா எட்டு நிமிடத்தில் 2,281 மீற்றருக்கு ஏற்றிவிடும்; இருதய வருத்தக்காரர் மேலே படியேறாமல் மெல்ல நடக்கவேண்டும். ஜோன்ஸ்ரன் கன்யனில் கீழ் அருவி ஏறத்தாழ 1.2 கிலோமீற்றர், மேல் அருவி 2.5. பாறையில் பதித்த ஒடுங்கிய நடைபாலம் என்பதால் கூட்டமான நேரத்தில் வண்டி தள்ளுவது கஷ்டம். நடக்கக்கூடிய இளையவர்களுக்கு லேக் அக்னஸ் தேநீர்க் குடில்: ஒரு பக்கம் 3.5 கிலோமீற்றர், 400 மீற்றர் ஏற்றம். செருப்போடு தொடங்கிப் பாதியில் திரும்புகிறவர்கள் கனபேர். அடி பிடிக்கும் சப்பாத்து, ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், கோடையில் பின்னேர இடிமழைக்கு முன் இறங்கும்படி காலைப் புறப்பாடு, இவ்வளவும் இருந்தால் முடியும். மீன் பிடிக்கத் தூண்டில் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: அல்பேர்ட்டா மாகாண அனுமதி பூங்காவுக்குள் செல்லாது, தனி அனுமதி வேண்டும்.

திரும்பும்போது நெடுஞ்சாலைக்கு மேலே மரம் முளைத்த பாலங்களைக் காண்பீர்கள். மிருகங்கள் கடப்பதற்கென்று கட்டியவை. பூங்காவுக்குள் அப்படி மேற்பாலங்கள் 6, கீழ்ப்பாதைகள் 38. மிருகங்கள் வீதிக்கு வராமல் ஓரத்தில் அடித்த வேலி ட்ரான்ஸ் கனடாவுக்கு மட்டும்தான். பழைய 1ஏ வீதியிலும் ஜாஸ்பர் போகும் 93இலும் கிடையாது. அங்கே மாலை மங்கும் நேரத்தில் வேகத்தைக் குறைத்து, இரண்டு கரையையும் பார்க்க ஒருவரை முன் இருக்கையில் விழித்திருக்கச் சொல்லுங்கள். ஒரு மான் கடந்தால் உடனே வேகம் கூட்டாதீர்கள், பின்னால் இன்னொன்று வரும்.