61-ஆம் அத்தியாயம் வரை பொறுங்கள்

ஜூன் 12, 2025, வியாழன்

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். நீடாமங்கலத்தைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் ஒரு வாரமாவது ஆகும். விதைநெல் மூட்டை திண்ணையில் இருக்கிறது. அதுவரை அப்பாயிக்குக் கதை வாசிக்கலாம் என்று தொடங்கினேன்.

நாட்டுப்புறக் கதையில் மதுரையை ஆண்ட அல்லி அரசாணியை நாயகியாக வைத்து ஒருவர் எழுதிவந்த தொடர் முடிந்துவிட்டது. ரசிகர் புனைவுதான், ஆனால் 84 அத்தியாயம். புகழேந்திப் புலவர் பெயரில் திருவிழாக் கடைகளில் விற்ற, அல்லியின் பழைய கதை சொல்லும் பெரிய எழுத்துப் புத்தகம் அப்பாயிக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். இப்போது கண்ணில் புரை, நான்தான் வாசிக்க வேண்டும். "அவ மதுரைக்காரி, யாருக்கும் பணியமாட்டா. ஒழுங்கா எழுதியிருக்கானா பாரு" என்றுதான் உட்கார்ந்தார்.

ஜூன் 13

முதல் 15 அத்தியாயம் மெதுவாகத்தான் போகும். விட்டுவிடாதீர்கள். அல்லி அதில் கற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான். வாள் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரக் களிமண் தரையில் கம்பு சுற்ற வைக்கிறார் ஆசான். கால் வழுக்குகிறது, விழுகிறாள். கட்டைவிரலை மண்ணில் ஊன்றித் திரும்பப் பழகியபின்தான் விழுவது நிற்கிறது. உள்ளங்கைக் கொப்புளத்தில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு இடது கையால் சோறு பிசைகிறாள். நடவு வயலில் நின்றவர்களுக்கு அந்தக் கட்டைவிரல் சங்கதி புரியும். அப்பாயி தன் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் பாம்புகளின் பேச்சைக் கற்கிறாள். எதற்கு இது என்று தோன்றியது. மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 15, ஞாயிறு

கல்லணையும் திறந்தாயிற்று. இங்கே நீன்முகனோடு சண்டை. தகப்பன் அரசைப் பறித்தவனைக் கொன்று அல்லி பட்டத்துக்கு வருவது பழைய கதையிலும் உண்டு. இவர் அதை மூன்று அத்தியாயத்துக்கு நீட்டியிருக்கிறார், ஒரு வரிகூட வீணில்லை. அவள் அவன் வாளைப் பார்ப்பதே இல்லை, குதிகாலைத்தான் பார்க்கிறாள். ஜெயித்தபிறகு கை நடுங்குகிறது. அதை மறைக்காமல் எழுதியதற்காகவே இவரைக் கும்பிடலாம்.

ஜூன் 18

மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிற மாதிரி, 40-க்குப் பிறகு கதையும் மூன்றாகப் பிரிகிறது. அல்லி, அவள் தோழிகளின் படை, பாதாளத்து நாகர்கள். 50 முதல் 56 வரை அரண்மனைச் சதி கொஞ்சம் இழுவை. நான் இரண்டு அத்தியாயத்தை வேகமாகத் தள்ளினேன். அப்பாயி கண்டுபிடித்துத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

ஜூன் 20, வெள்ளி

பழைய கதையில் கண்ணன் பாம்பாட்டியாக வருவான், அர்ச்சுனன் பாம்பாக. அந்தப் பாம்பு அல்லியின் படுக்கையறைக்குப் போகும். அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுவான். இத்தனை போர் ஜெயித்தவளைத் தூக்கத்தில் வீழ்த்துவது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பொறுக்காது. அப்பாயியிடம் அதைச் சொன்னதே இல்லை. இன்றைக்கு அவரே சொன்னார்: "தூங்குறவ கழுத்துல கட்டுறது என்ன வீரம்? அந்த எடம் வந்தா நான் பக்கத்தத் திருப்பிருவேன்."

61-இல் அதே அறை, அதே பாம்பு. அது தரையில் ஊர்கிற சத்தம் அல்லிக்குப் பேச்சாகக் கேட்கிறது. கண்ணைத் திறக்காமல் படுத்தபடி அதன் பாஷையிலேயே ஒரு கேள்வி கேட்கிறாள். என்ன கேள்வி என்று இங்கே எழுதமாட்டேன், நீங்களே படியுங்கள். அதற்குப் பதில் தேடித்தான் மீதி 23 அத்தியாயமும் போகிறது. அர்ச்சுனனையும் இவர் கேவலப்படுத்தவில்லை, அவனுக்கும் வெட்கப்படத் தெரிகிறது.

வாசித்து முடிக்கும்போது தம்பி ஓடிவந்து மதகில் தண்ணீர் வந்துவிட்டது என்றான். நான் எழுந்தேன். அப்பாயி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி எங்கயும் போயிடாது. அவ கேட்டதை இன்னொரு தரம் படி."