பிடிஎன்எஃப் எலைசா: எண் கெடுவது ரத்தம் எடுக்கும் குழாயில்தான்

ரத்தத்தில் பிடிஎன்எஃப் (நரம்பணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதம்) அளவை எலைசாவில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து நிறத்தால் அளக்கும் முறை) பார்க்கப் போகிறவர்கள் எந்த கிட் வாங்கலாம் என்று முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, சீரமா (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் திரவம்) பிளாஸ்மாவா (உறையவிடாமல் பிரித்த திரவம்) என்பது. ரத்தத்தில் இந்தப் புரதத்தின் பெரும்பகுதி தட்டணுக்களுக்குள் இருக்கிறது. ரத்தம் உறையும்போது அவை அதைக் கொட்டிவிடும். அதனால்தான் ஒரே ஆளின் சீரத்தில் மில்லிலிட்டருக்கு 20, 30 நானோகிராம் வரும். பிளாஸ்மாவில் அதில் சிறு பங்குதான். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் ஆய்வே வீண்.

சீரம் என்றால் உறையும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்டது அறை வெப்பத்தில் 60 நிமிடம், பிறகு 1500 ஜியில் (புவியீர்ப்பைப் போல் 1500 மடங்கு விசையில்) 15 நிமிடச் சுழற்சி. ஒரு குழாயை அவசரத்தில் 20 நிமிடத்திலேயே சுழற்றினால் அளவு குறைந்து வரும். பார்ப்பதற்கு அது நோயின் அடையாளம் போலவே இருக்கும்!

பிளாஸ்மாவுக்கு இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாய். 30 நிமிடத்துக்குள் சுழற்றி, வெள்ளணுப் படலத்துக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததைக் குளிரில் 10,000 ஜியில் 10 நிமிடம் மறுபடி சுழற்ற வேண்டும். தட்டணு மிஞ்சிய பிளாஸ்மாவை மைனஸ் 80ல் வைத்து உருக்கினால், அணுக்கள் உடைந்து எண் எகிறிவிடும்.

இனி பிளேட், அதாவது வெல் என்னும் சிறு குழிகள் கொண்ட தட்டு. ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த பிடிஎன்எஃப் கரைசல்) மில்லிலிட்டருக்கு 2000 பிகோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாக ஏழு புள்ளி. சீரத்தை 50 மடங்கு நீர்த்தால் ஸ்டாண்டர்டுகள் தரும் வளைவின் நடுவில் விழும். 2 மைக்ரோலிட்டரை எடுத்து ஒரே அடியில் நீர்க்காதீர்கள்; பிப்பெட் பிழை அதில்தான் அதிகம். முதலில் 10 மைக்ரோலிட்டரை 90 மைக்ரோலிட்டர் பஃபரில் (நீர்க்கும் கரைசல்), அதிலிருந்து 50ஐ 200ல். புது கிட் வந்தால் ஒரே மாதிரியை 25, 50, 100 மடங்கு நீர்த்துப் பாருங்கள். பெருக்கி எடுத்த விடைகள் 20 சதவீதத்துக்குள் ஒத்துவராவிட்டால் சீரத்தில் ஏதோ குறுக்கிடுகிறது.

கழுவுவதில் சோம்பல் கூடாது. வெல்லுக்கு 300 மைக்ரோலிட்டர், நான்கு முறை, கடைசியில் பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூ தாளில் தட்ட வேண்டும். ஸ்ட்ரெப்டவிடின் எச்ஆர்பி (நிறம் உண்டாக்கும் நொதி இணைந்த புரதம்) கொஞ்சம் தங்கினாலும் வெற்று வெல்லே நீலமாகிவிடும். அதற்காகக் காயவும் விடக்கூடாது. பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் எச்ஆர்பி செத்துப்போகும், நிறமே வராது.

டிஎம்பி (எச்ஆர்பியால் நீலமாகும் கரைசல்) ஊற்றிய பிறகு இருட்டில் 10 முதல் 15 நிமிடம். ஊற்றிய அதே வரிசையில், அதே வேகத்தில் அமிலத்தை விடுங்கள். நீலம் மஞ்சளாகும். பிளேட்டைத் தூக்கிக் கீழிருந்து பார்த்தால் சில வெல்களில் பச்சை சுழி தெரியும். அமிலம் முழுதாகக் கலக்கவில்லை என்று பொருள். மெல்லத் தட்டிய பிறகே 450 நானோமீட்டர் ஒளியில் படித்து, 570ல் வருவதைக் கழிக்கவும்.

ஓர வெல்கள் நடு வெல்களைவிடச் சீக்கிரம் சூடாவதால் அங்கே எண் விலகும். பிளேட் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே தொடங்கி, மூடி ஒட்டி வையுங்கள். நோயாளிகளை ஒரு பிளேட்டிலும் ஆரோக்கியமானவர்களை இன்னொன்றிலும் போடுவதைப் போலக் கெட்ட பழக்கம் வேறில்லை. பிளேட்டுக்குப் பிளேட் வரும் வித்தியாசம், நோயால் வந்ததாகவே கணக்கில் ஏறும். மாறி மாறிப் போடுங்கள். கணக்குக்கு நேர்கோடு போதாது, நான்கு அளவுரு வளைவு (நான்கு எண்களால் பொருத்தும் எஸ் வடிவக் கோடு) வேண்டும். மேல் ஸ்டாண்டர்டைத் தாண்டிய மாதிரியை வளைவை நீட்டி ஊகிக்காமல், மறுபடி நீர்த்து ஓட்டுங்கள்.

இன்னொன்று, சில கிட்களின் ஆன்டிபாடி முதிர்ந்த புரதத்தோடு அதன் முன்வடிவத்தையும் பிடிக்கும். கிட்டின் கையேட்டில் குறுக்கு வினை பற்றிய பகுதியைப் படித்துவிட்டே ஆர்டர் போடுங்கள்.