க்ளூவை ஒளிச்சு வச்சா பசங்க விடமாட்டாங்க

நான் ஒரு பதிப்பகத்துல எடிட்டரா இருக்கேன், டீனேஜ் பசங்களுக்கான நாவல்கள்தான் என் பொறுப்பு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மேனுஸ்கிரிப்ட்டை பிரிண்ட் எடுத்து பதிமூணு வயசுல இருந்து பதினாறு வயசு வரைக்கும் உள்ள பசங்ககிட்ட கொடுத்து படிக்கச் சொல்லி, அவங்க எழுதித் தர்றதை எல்லாம் உக்காந்து படிச்சு எழுத்தாளர்கிட்ட கொண்டு போறது என் வேலைல பெரிய பங்கு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது துப்பறியும் கதைக்கு வர்ற கருத்துகள்தான். மத்த கதைக்கெல்லாம் "நல்லாருக்கு", "கொஞ்சம் போர்"னு ஒரு வரில முடிச்சுக்கிற அதே பசங்க, துப்பறியும் கதைன்னா மட்டும் பக்க நம்பர் போட்டு கேள்வி கேட்டு எழுதித் தருவாங்க.

இப்ப கைல இருக்கிற நாவல்ல பதினஞ்சு வயசு பொண்ணுதான் துப்பறியறா. ஸ்கூல் லேப்ல இருந்து மைக்ராஸ்கோப் காணாமப் போகுது, பழி லேப் அசிஸ்டென்ட் மேல விழுது, அவர் எடுக்கலன்னு இவளுக்கு மட்டும் நம்பிக்கை. பெரியவங்க சிலர்கிட்டயும் இதைக் கொடுத்தோம், அவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எழுதினாங்க, மொழி நல்லாருக்கு கருத்து நல்லாருக்கு ஆனா அந்தப் பொண்ணு ராத்திரில தனியா லேபுக்குப் போறது தேவையா, வீட்ல சொல்லிட்டுப் போயிருக்கலாமேன்னு. பசங்கள்ல ஒருத்தர்கூட அதைக் கேக்கல. அவங்க பிடிச்சது வேற இடம்.

கடைசி அத்தியாயத்துல கதாநாயகி எல்லாரையும் நிக்க வச்சு, லேப் சாவில மெழுகு ஒட்டியிருந்ததை நான் முதல் நாளே பார்த்துட்டேன், யாரோ அச்சு எடுத்து டூப்ளிகேட் போட்டிருக்காங்கன்னு சொல்றா. கதைல முதல் நாள் சீன்ல சாவி வருது, ஆனா மெழுகுன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பொண்ணு அந்தப் பக்கத்து மார்ஜின்ல பென்சில்ல எழுதியிருந்தா: "எப்போ பார்த்தா? திரும்பப் போய் ஃபுல்லா தேடிட்டேன், எங்கயுமே இல்ல. இது போங்கு." போங்குக்கு அடியில ரெண்டு கோடு வேற, பேப்பர் கிழியற அளவுக்கு அழுத்தி.

அந்த ஒரு வரிக்காக எனக்கு அவ மேல பெரிய மரியாதை வந்துச்சு. 1929ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு இங்கிலாந்து பாதிரியார், துப்பறியும் கதை எழுதுறவரும்கூட, இந்த மாதிரி கதைகளுக்குன்னு பத்து விதி எழுதினார், அதுல ஒண்ணு துப்பறியறவர் கண்ணுல படுற க்ளூவை உடனே வாசகருக்கும் காட்டிடணும்ங்கிறது. நாக்ஸ் யாருன்னு தெரியாமலே இவ அதே விதிக்கு வந்து நிக்கிறா, ஏன்னா இந்த வயசுல படிக்கிறவங்க கதையை வேடிக்கை பார்க்க வர்றதில்ல, கதாநாயகிகூட போட்டி போட வர்றாங்க, போட்டின்னா ரெண்டு பேருக்கும் ஒரே தகவல் கைல இருக்கணும்.

அதனால "பிடிச்சுதா"ன்னு நான் கேக்கவே மாட்டேன். அப்படிக் கேட்டா கேக்குற ஆளு மனசு நோகக்கூடாதுன்னு "சூப்பர்"னு எழுதிடுவாங்க, பாவம். ஒவ்வொரு அத்தியாயம் முடிஞ்சதும் இப்ப யார் மேல சந்தேகம், ஏன்னு ஒரு வரி எழுதச் சொல்வேன், முன்னாடி எழுதினதை அழிக்கக்கூடாது. அதை வரிசையா வச்சுப் பார்த்தா கதை எங்க இழுக்குது எங்க சரியுதுன்னு அப்படியே தெரிஞ்சுடும். குற்றவாளியை முன்னாடியே கண்டுபிடிச்சுட்டா புத்தகம் தோத்துடுச்சுன்னு எழுத்தாளர்கள் நிறைய பேர் பயப்படுறாங்க, எனக்கு அப்படித் தோணல. நாலாவது அத்தியாயத்துல எல்லாருமே ஒரே பேரை எழுதினா அது பிரச்சனைதான், சரி. ஆனா கடைசிக்கு முன்னாடி அத்தியாயத்துல சரியா எழுதினவங்கதான் அந்தப் புத்தகத்தை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட தள்ளி விடுறாங்க, நான் முன்னாடியே சொன்னேன் பாருன்னு காட்டிக்க அவங்களுக்கு ஒரு ஆள் வேணும்ல.

இன்னொரு புகார் அடிக்கடி வரும், கதை முழுக்க பசங்க அலைஞ்சு கண்டுபிடிச்சிருப்பாங்க, கடைசில ஒரு போலீஸ் மாமா வந்து எல்லாத்தையும் முடிச்சு வைப்பார். "அப்ப இவ எதுக்கு?"ன்னு ஒரு பையன் கேட்டிருந்தான். பெரியவங்க நம்மளோட கவலையை எல்லாம் இந்தக் கதைக்குள்ள கொண்டு போய் வைக்கிறது ரொம்ப நாளா நடக்குது. அமெரிக்காவுல டீனேஜ் பொண்ணு துப்பறியற நான்சி ட்ரூ நாவல் வரிசை 1930ல ஆரம்பிச்சது, அட்டைல எழுத்தாளர் பேரா போட்டிருக்கிற கரோலின் கீன்ங்கிறது புனைபெயர், முதல் முப்பது புத்தகத்துல இருபத்து மூணு எழுதினது மில்ட்ரெட் பென்சன். 1959ல இருந்து பழைய புத்தகங்களைத் திருத்தி சுருக்கி மறுபடி போட ஆரம்பிச்சாங்க, அதுல பதினாறு வயசு நான்சி பதினெட்டு ஆனா, முன்ன இருந்த துடுக்கும் குறைஞ்சு போச்சு. பழைய நான்சிதான் வேணும்னு சொல்ற வாசகர்கள் இன்னும் இருக்காங்க, நானும் அந்தப் பக்கம்தான்.

மெழுகு விஷயத்தை எழுத்தாளர்கிட்ட சொன்னப்போ அவர் கொஞ்சம் யோசிச்சார், முதல்லயே காட்டிட்டா தெரிஞ்சுடுமேன்னார். அந்தப் பென்சில் வரியைக் காட்டினேன், அதுக்கப்புறம் வாதாடல. இப்ப முதல் நாள் சீன்ல சாவியை வாங்கினதும் விரல் பிசுபிசுன்னு இருக்கு, பாவாடைல துடைச்சுக்கிறா, அவ்வளவுதான், கதை அடுத்த பேச்சுக்குப் போயிடுது. புது பேட்ச்ல ஒரு பையன் கடைசி அத்தியாயத்துல இருந்து திரும்பிப் போய் அந்த வரியைக் கண்டுபிடிச்சு, அய்யோ இதைப் படிச்சும் விட்டுட்டேனேன்னு எழுதியிருக்கான், பின்னாடி கதாநாயகியைப் பாராட்டி அரைப் பக்கம். போலீஸ் மாமா மட்டும் இன்னும் கதைல இருக்கார். அவரை எடுக்க எழுத்தாளருக்கு மனசு வரல, வர்ற வாரம் மறுபடி பேசுறோம், பசங்க எழுதின பேப்பரை எல்லாம் கூட எடுத்துட்டுப் போறேன்.