அரைப் பான்டில் தங்கி நிற்கிற வீசா

தொழில் தெரிந்த ஆளைக் கூப்பிடுகிற நாடு, வேலைத்தளத்தில் சொல்வது அவருக்கு விளங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பிழை இல்லை. "மெயினை நிப்பாட்டு" என்று கத்துவது விளங்காத எலெக்ட்ரீசியனால் அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. மருந்தளவைப் பிழையாக வாசிக்கிற தாதியும் அப்படித்தான். எங்களுக்கு உள்ள குறை வேறு. வெளிநாடு போக எழுதுகிற ஐஈஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை அளப்பது இதைத்தானா, அளந்ததை அந்தந்த நாடுகள் ஒழுங்காகப் பயன்படுத்துகின்றனவா என்பதுதான் கேள்வி.

ஒரு பெறுபேற்றுத் தாளைப் பாருங்கள். அதில் நாலு பகுதிக்கும் 9 வரை தருகிற மதிப்பைத்தான் பான்ட் என்கிறார்கள். கேட்டல் 7.5, வாசிப்பு 7, எழுத்து 6.5, பேச்சு 7. கூட்டி நாலால் பிரித்தால் சரியாக 7. ஆனால் தொழில் வீசாவுக்கு ஆட்களைத் தெரிய அவுஸ்திரேலியா போடுகிற புள்ளிக் கணக்கில் மொத்தத்துக்கு மதிப்பில்லை. நாலிலும் தனித்தனியே 7 இருந்தால் 10 புள்ளி, நாலிலும் 8 இருந்தால் 20. இந்தத் தாளுக்கு ஒன்றுமே கிடையாது. எழுத்தில் குறைந்த அரைப் பான்டை, கேட்டலில் கூட எடுத்த அரைப் பான்ட் ஈடுசெய்யாது.

அதே அவுஸ்திரேலியா பிரிட்டன், அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்துக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரிடம் அடிப்படைத் தகுதிக்குப் பரீட்சையே கேட்பதில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தில் நாலு வருசம் ஆங்கிலத்தில் படித்துப் பட்டம் எடுத்த பிள்ளை, நாலிலும் 6 எடுத்துக் காட்டினால்தான் அந்த அடிப்படைத் தகுதி. இந்த விசயத்தில் கனடா நேர்மையாக நடக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அதன் தொழிலாளர் குடியேற்ற வழிக்கு லண்டனில் பிறந்து வளர்ந்தவரும் பரீட்சை எழுதத்தான் வேண்டும்.

வயதுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியா வயதுக்கு ஆகக்கூடிய 30 புள்ளியைக் கொடுப்பது 25 முதல் 32 வரை. 2026 இல் அந்த வயதில் இருப்பவர்கள் யுத்தம் முடிந்த 2009 இல் எட்டுக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட பிள்ளைகள். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் பாடமாகத் தொடங்குவது மூன்றாம் வகுப்பில். அத்திவாரம் போட வேண்டிய அந்த வருசங்களில் வன்னிப் பிள்ளைகள் பங்கருக்குள்ளும், இடம்பெயர்ந்த வழியிலும், பிறகு செட்டிகுளம் முகாமிலும் இருந்தார்கள். கொழும்பில் ஒழுங்காகப் படித்த பிள்ளையோடு ஒரே தராசில் அவர்களையும் நிறுக்கிறார்கள். தராசு பொய் சொல்லவில்லை, ஆனால் ஒருவர் எங்கே தொடங்கி இந்த இடத்துக்கு வந்தார் என்பது அதில் தெரியாது.

இனி, புள்ளி எங்கே போகிறது என்று பார்ப்போம். அனேகமாக முதல் பிழை பரீட்சைக்குப் பதியும்போதே நடக்கிறது. ஐஈஎல்ரிஎஸ் இரண்டு வகை: படிப்புக்கு அகடமிக், வேலைக்கும் குடியேற்றத்துக்கும் ஜெனரல் ட்ரெய்னிங். கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரி ஏற்பது ஜெனரல் ட்ரெய்னிங் மட்டும். அகடமிக் எழுதினால் காசும் நாளும் வீண். பிரிட்டன் வீசாவுக்கு யூகேவிஐ என்று பெயரிட்ட பரீட்சைதான் வேண்டும். அங்கே ஸ்கில்ட் வேர்க்கர் வீசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்களிடம் கேட்கிற ஆங்கிலத் தரம் 2026 ஜனவரி 8 முதல் ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி1 இலிருந்து பி2 ஆகிவிட்டது. ஐஈஎல்ரிஎஸ் கணக்கில் ஒவ்வொன்றிலும் 4 போதும் என்றிருந்தது 5.5 ஆகியிருக்கிறது. பழைய குறிப்பை நம்பி இருக்க வேண்டாம்.

ஜெனரல் லேசு என்பதும் அரைவாசிதான் உண்மை. வாசிப்பில் 7 எடுக்க அகடமிக்கில் 40 இல் ஏறத்தாழ 30 சரியாக வேண்டும், ஜெனரலில் 34 அளவு வேண்டும். கேட்டலில் 7 க்கு 30 அளவு. அங்கே ஆங்கிலம் தெரிந்தவர்களே விழுவார்கள். "இரண்டு சொல்லுக்கு மேற்படாமல்" என்ற இடத்தில் மூன்று சொல் எழுதினால் சைபர். ஒலிப்பதிவில் திறப்புகள் என்று பன்மையில் வருவதை ஒருமையில் எழுதினால் அதுவும் சைபர். தமிழ்க் காதுக்கு அந்த கடைசி "ஸ்" லேசில் பிடிபடாது, அதற்கென்றே தனியாகப் பழக வேண்டும்.

எழுத்துத்தான் ஆகக் கூட ஆட்களை விழுத்துகிறது. 60 நிமிடத்தில் இரண்டு கேள்வி: முதலாவதுக்கு 150 சொல், இரண்டாவதுக்கு 250. இரண்டாவதுக்குப் புள்ளிப் பாரம் இரட்டிப்பு, அதனால் 40 நிமிடத்தை அதற்கு ஒதுக்குங்கள். ரியூசனில் பாடமாக்கிய முன்னுரையைத் திருத்துபவர் உடனே கண்டுபிடிப்பார். நாங்கள் தமிழில் ஒரு வசனத்துக்குள் நாலு வினையெச்சம் கோர்த்து நீட்டுவோம். அதே போக்கில் ஆங்கிலத்தில் போனால் வசனம் உடைந்துவிடும். "ஏ", "த" என்ற சின்னச் சொற்கள் தமிழில் இல்லாததால் எழுதும்போது விடுபடும். முடிந்ததும் ஒருமுறை அவற்றுக்காக மட்டும் வாசித்துப் பாருங்கள். கணினியில் எழுதுவதென்றால் ஆங்கிலத் தட்டச்சை முதலில் பழகுங்கள், போனில் விரலால் தட்டுவது உதவாது.

ஒரு வெல்டர் நகரப் போக்குவரத்தைப் பற்றி 250 சொல்லில் வாதம் எழுதுவது அவருடைய வேலைக்கு எந்த வகையில் தேவை என்பதற்கு இன்னும் ஒருவரும் எங்களுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. தாதியருக்கு மாற்று வழி உண்டு. மருத்துவத் துறையினருக்கான ஓஈரி என்ற ஆங்கிலப் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் நோயாளியின் குறிப்புகளைத் தந்து கடிதம் எழுதச் சொல்வார்கள், 45 நிமிடம். கட்டணம் கூட, ஆனால் கேட்பது நாளாந்தம் செய்கிற வேலை. பிரிட்டனின் தாதியர் பதிவுச் சபை 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு பரீட்சைகளின் பெறுபேற்றை, சில நிபந்தனைகளோடு, சேர்த்துப் பார்க்கவும் செய்கிறது. அவர்களால் முடியுமென்றால் மற்றத் தொழில்களுக்கும் முடியும். கேட்க வேண்டியது அதைத்தான்.

கொழும்பில் எழுதுபவர்கள் இரவு பஸ்ஸில் போய் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகாதீர்கள். கேட்டல், வாசிப்பு, எழுத்து மூன்றும் இடைவேளை இல்லாமல் தொடர்ந்து நடக்கும். முதல் நாளே போய்த் தங்குங்கள். பதியும்போது கொடுத்த அதே கடவுச்சீட்டின் மூலப்பிரதி கையில் இருக்க வேண்டும். பெறுபேறு கனடாவுக்கு 2 வருசம், அவுஸ்திரேலியத் தொழில்சார் வீசாவுக்கு 3 வருசம் செல்லும். தொழில் மதிப்பீட்டுக் கடதாசிகள் வர மாதக்கணக்கில் இழுபடும், அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். அரைப் பான்டால் தவறியவர்கள் பரீட்சை நாளிலிருந்து 6 கிழமைக்குள் மறுதிருத்தம் கேட்கலாம்; புள்ளி மாறினால் கட்டிய காசு திரும்ப வரும்.