இருக்கையின் விலை

2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோ ஓஹேர் விமான நிலையத்திலிருந்து லூயிவில் செல்லவிருந்த யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானத்தில், பணம் செலுத்தி, முறைப்படி ஏறி அமர்ந்திருந்த 69 வயது மருத்துவர் ஒருவரைப் பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கையிலிருந்து பிடுங்கித் தரையில் இழுத்துச் சென்றனர். அவருடைய மூக்கு உடைந்தது, இரண்டு பற்கள் போயின. இதை அளவுக்கு மீறிய முன்பதிவின் விளைவு என்றே பலரும் எழுதினார்கள். உண்மையில், மறுநாள் பணிக்காக லூயிவில் செல்லவேண்டிய நான்கு ஊழியர்களுக்கு இடம் தேவைப்பட்டதுதான் காரணம்.

வராமற்போகும் பயணிகளைக் கணக்கிட்டுக் கூடுதலாகச் சீட்டு விற்பதை நான் குறை கூறமாட்டேன். எல்லோரும் வந்துவிட்டால், எவ்வளவு தந்தால் விரும்பி இறங்குவோம் என்று பயணிகளையே எழுதித் தரச்சொல்லி, குறைவாகக் கேட்டவருக்கு அத்தொகையைக் கொடுக்கலாம் என்று பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1968இலேயே சொன்னார். முதலில் அதை விமான நிறுவனங்கள் ஏளனம் செய்தன என்பது வேறு கதை. அன்று சிகாகோவில் 400 டாலரில் தொடங்கிய பேரம் 800 டாலரோடு நின்றது, அதுவும் ரொக்கமாக அன்று, பயணச்சீட்டுக் கூப்பனாக. கட்டாயமாக இறக்கப்படுபவருக்கான இழப்பீட்டின் சட்ட உச்சவரம்போ அப்போது 1,350 டாலராக இருந்தது. அவ்வளவுக்குக்கூடப் போகாமல் காவலர்களை அழைத்த கஞ்சத்தனத்தை என்னவென்பது! அம்மாத இறுதிக்குள் அதே நிறுவனம் 10,000 டாலர்வரை தருவதாக அறிவித்தது.